ஓதம்

டெ புகே ஊருக்கு வெளியே, ஆறாம் குளிர்கிடங்கில்,
ஜூலை பதினெட்டு, விடிகாலை நாலேகாலுக்கு
கிவிப்பழ அடுக்கு ஒன்று உட்கார்ந்துவிட்டது.
சாயவில்லை. உட்கார்ந்தது.
நாள் முழுக்க நின்ற ஆள்
நாற்காலி தேடாமல் தரையில் குந்துவதுபோல.

கேட்டவன் கல்சாவ் மட்டும்.
வனுவாட்டுவிலிருந்து ஏழு மாத ஒப்பந்தத்தில் வந்தவன்.
சத்தம் எப்படி என்றதற்கு
ஈரத் துணியை யாரோ கைதவறவிட்டதுபோல் என்றான்.

மதியம் காப்பீட்டுக்காரர் வந்தார்,
மடிப்புக் கலையாத புது ரப்பர் பூட்ஸில்.
நேற்றிரவு என்ன நடந்தது?
ஃபோர்க்லிஃப்ட் இடித்ததா, நிலம் அதிர்ந்ததா?
கட்டத்தில் குறிபோடப் பேனா மூடியைக் கழற்றினார்.

நேற்றிரவு எதுவும் நடக்கவில்லை,
என்றாள் மெரியானா.
நடந்ததெல்லாம் ஏப்ரல் ஒன்பதிலிருந்து.

அவளுடைய சோதனை அறை ஒரு கழிப்பறை அகலம்.
ஐந்து காலிப் பெட்டிகள்,
ஒவ்வொன்றின் தலையிலும் எண்பது கிலோ இரும்பு.
காலை எட்டு மணிக்கு உயரம் அளப்பாள்,
பென்சிலால் எழுதுவாள்.
மை அந்த அறையில் ஊறிப் பரவிவிடும்.

இதே அட்டை, உலர்ந்த நகரத்து ஆய்வகத்தில்,
எந்திரத் தாடைகளுக்கு நடுவே
ஒரு நிமிடம் முந்நூறு கிலோ தாங்கியதாம்.
முத்திரையில் அந்த எண்தான் இருக்கிறது.
ஒரு நிமிடம் யார்தான் தாங்கமாட்டார்கள்.

முதல் வாரம் மளமளவென்று இறங்கும்.
பிறகு நாளுக்கு ஒரு மயிரிழை,
சில நாள் அதுவும் இல்லை.
அப்படிப்பட்ட நாளில்தான் மேலாளர் எட்டிப்பார்ப்பார்,
நிற்கிறதே என்பார்,
கதவைச் சரியாகச் சாத்தாமல் போவார்.

பாரத்தில் பெரும்பங்கு நான்கு மூலைகளுக்கு.
அகன்ற பக்கங்கள், பேர் அச்சிட்டு
வெட்டிய பழத்தின் படம் போட்ட பக்கங்கள்,
வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதோடு சரி.
ஒரு விரற்கடை தள்ளி அடுக்கினால்
மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் வயிற்றில் இறங்கும்.
இரவு இரண்டு மணிக்கு, விறைத்த விரல்களால்,
ஒரு விரற்கடை என்பது ஒன்றுமேயில்லை.

ஈரம்கூடப் பரவாயில்லை.
ஒரே ஓதத்தில் விட்டுவைத்தால்
தளர்ந்து, முனகி, நெடுநாள் நிற்கும்.
மாறுவதுதான் தின்கிறது.
எட்டு மணிக்கொருமுறை குளிர்விப்பான் தன் பனியை உருக்கும்.
காற்று நனையும், உலரும், மறுபடி நனையும்.
நார் பிடியை விட்டு வேறிடம் பிடிக்கும்,
ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்குச் சற்றுக் கீழே.
எறும்பு இல்லாமலே ஊர்கிற ஊர்வு.

பந்தயத் தாள் ஒன்று சுவரில் தொங்கியது:
எந்தப் பெட்டி, எத்தனையாவது நாள்.
மூன்றாம் எண்ணுக்கு நாற்பத்தொன்று என்று
கல்சாவ் எழுதினான். எல்லோரும் சிரித்தார்கள்.
நாற்பத்தொன்றாம் நாள் ஞாயிறு, அறையில் யாருமில்லை.
திங்கட்கிழமை இரும்பு தரைமேல் இருந்தது.
எப்படித் தெரிந்தது?
மூலையைத் தொட்டேன், காதுமடல்போல் இருந்தது.
ஆறு டாலரும் ஓர் இறைச்சிப் பையும் ஜெயித்தான்.
காசை அன்றே வீட்டுக்கு அனுப்பினான்.

காப்பீட்டுக்காரரின் படிவத்தில்
தேதிக்கு ஒரே ஒரு கட்டம்.
மெரியானா ஓரத்து வெள்ளையில்
'முதல்' என்று எழுதி, அம்புக்குறி போட்டாள்.
இதை ஏற்கமாட்டார்கள் என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாகவே.
பிறகு குரலைத் தாழ்த்தி,
அடுத்தது எது என்று கேட்டார்.

கல்சாவ் ஏற்கெனவே நடைபாதையில் இருந்தான்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு
ஒவ்வோர் அடுக்கின் கீழ்மூலையையும்
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனான்.
பதினாலாவதில் நின்றான்.
இருபதிலும் நின்றான், நெடுநேரம்.

மறுநாள் காலை எட்டு மணி.
ஐந்தாம் எண், நூற்றிரண்டாம் நாள்.
இறக்கம்: இல்லை.
பென்சிலைக் காதில் செருகியவள்
மறுபடி எடுத்து மறுபடி அளந்தாள்.
இல்லைதான்.
கதவை மெல்ல, முழுக்கச் சாத்தினாள்.